தோளில் குடியேறிய ஆய்வாளர்

என் தாய்மாமன் வாய் திறவாதிருந்த ஒரே ஒரு பகற்பொழுதை நான் அறிவேன். அன்று அவர் அடி வாங்கினார், காவலில் வைக்கப்பட்டார், ஒரு காவல் நிலையத்தையே பட்டினி போட்டார். இத்தனையும் ஒரு சொல் பேசாமல்.

அவர் இயல்பைச் சொன்னால்தான் அந்நாளின் அருமை விளங்கும். ஒரகடத்தில் பேருந்து ஏறினால், வாலாஜாபாத்தில் இறங்குவதற்குள் நடத்துநரின் பங்காளிச் சண்டைக்குத் தீர்ப்புக் கூறியிருப்பார். ஏர் ஓட்டும்போது மாடுகளோடு பேசுவார். மாடுகளை அவிழ்த்துவிட்ட பின் நுகத்தடியோடு பேசுவார். உறக்கம் அவர் பேச்சைத் தடை செய்ததே தவிர முடித்துவைத்ததில்லை. முன்னிரவில் பாதியில் நின்ற கதையை, விடியலில் பல் துலக்கிக்கொண்டே விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். கேட்டுக்கொண்டிருந்தவர் இடையில் மாறியிருந்தாலும் அவருக்கு அதனால் இடரில்லை.

"எல்லாக் கொழந்தையும் அழுதுகினு பொறக்கும். இவன் யாரையோ வெசாரிச்சிகினு பொறந்தான்" என்பார் என் அம்மா. மாமா அவருக்கு இளையவர். அக்காளின் அருகிலேயே வீடும் நிலமும் அமைத்துக்கொண்டவர்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மொழிப் போராட்டம் ஓய்ந்திருந்தது. அதன் வெம்மை ஓயவில்லை. நகரங்களில் அமைச்சர்களின் உருவங்கள் எரிந்த புகை காவல் துறையின் மூக்கிலிருந்து இன்னும் நீங்காத காலம். நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்து சில திங்களே ஆகியிருந்தன. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன்.

வானம் அவ்வாண்டு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆடி போய் ஆவணி பிறந்தும் விதைநெல் குதிரிலிருந்து இறங்கவில்லை. ஊர் கூடிப் பேசிக் கொடும்பாவி கட்டி இழுப்பதென்று முடிவு செய்தது.

ஊரில் சேர்ந்த பாவமெல்லாம் ஓர் உருவாகத் திரண்டு மழையை மறித்து நிற்கிறது என்பது நம்பிக்கை. அவ்வுருவை வைக்கோலால் கட்டி, கயிற்றில் பிணைத்துத் தெருவெங்கும் இழுத்து, பெண்கள் மாரடித்துப் பாடி, மனிதப் பிணத்துக்குரிய முறைகள் ஒன்றும் குறையாமல் எரியூட்டினால் மழை இறங்கும். சுற்றுவட்டாரம் முழுதும் கொடும்பாவி பெண். எங்கள் ஊரில் மட்டும் ஆண். அதற்கு என்ன காரணம் என்று நான் ஒருமுறை ஆராய்ச்சி மனத்தோடு அம்மாவைக் கேட்டேன்.

"ஊர்ல கீற பாவத்த யார் பண்ணதுன்னு பொம்பளைங்களுக்குத் தெரியும்டா" என்றார். ஆராய்ச்சி அத்துடன் முற்றுப்பெற்றது.

உருவம் ஆண் என்பதால் அதற்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது. என் அப்பா ஆளுங்கட்சியின் பற்றாளர். இளமையில் உடுத்தத் தொடங்கிய கதரை ஒரு நாளும் கைவிடாதவர். ஒரு சட்டை நைந்து போனாலும் எறிய விடமாட்டார். எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் அடுக்கிவைத்திருப்பார். அப்பெட்டியோடு அம்மாவுக்கு நெடுநாள் பகை. ஊரார் சட்டை கேட்டு வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. அம்மா பெட்டியைத் திறந்தார். வைக்கோல் உருவம் வெள்ளைக் கதர்ச் சட்டை அணிந்து, மேலே ஒரு கதர்த் துண்டும் போர்த்து, மிக்க மதிப்போடு மண்ணில் கிடந்தது.

அடுத்து, கொள்ளி வைப்பவர் யார் என்னும் கேள்வி எழுந்தது. நெருப்பிட்ட மண்சட்டியை உறியில் ஏந்தி முன்னே நடக்க வேண்டியவர் அவர். மீசையை மழித்துக்கொள்ள வேண்டும். சட்டி கைக்கு வந்தது முதல் எரியூட்டும் வரை திரும்பிப் பார்க்கலாகாது. எவர் அழைத்தாலும் நிற்கலாகாது. சட்டியைத் தரையில் வைக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் திறக்கலாகாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் ஊரார் அனைவரும் ஒருமித்து என் மாமாவைப் பார்த்தனர்.

"இவனையா? இவன் வாய மூடுவானா?" என்றார் ஒருவர்.

"மூடிட்டான்னா வானமே ஆடிப்போயி மழைய எறக்கிடும்" என்றார் மற்றொருவர். "அப்பிடியே மழ வர்லன்னாலும் நமக்கு ஒரு வேள நிம்மதி."

மாமா சினம் கொள்ளவில்லை. "ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேனே தவிர, ஆரம்பிக்காம இருக்கறதுல எனக்கு இன்னா கஸ்டம்?" என்று கேட்டு மீசையை மழிக்க உட்கார்ந்தார். மழிக்கும்போதும் பேசினார், மழித்தவர் இருமுறை கத்தியை எடுத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. குளித்து, ஈர வேட்டியோடு நின்று என்னிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

"மாப்ளே, மழ மட்டும் எறங்குச்சுன்னா மேட்டு நெலத்துல இந்த வாட்டி வேர்க்கடல போட்டுட்டு..."

சட்டி கைக்கு வந்தது. பேச்சு அறுந்தது. ஊர் ஒரு கணம் திகைத்து நின்றது. அப்பேரமைதியில் தொலைவில் ஒரு காகம் கரைந்தது எல்லார் காதிலும் விழுந்தது.

கோயிலிலிருந்து ஏரிமேட்டுக்குச் செல்ல நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அன்று முற்பகல் அச்சாலை வழியே ஓர் அமைச்சர் காஞ்சிபுரம் செல்லவிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. கூட்டம் கூடத் தடை ஆணை இருந்ததும் தெரியாது. பேருந்து நிறுத்தத்தின் அருகே, அக்காலத்தில் அங்கிருந்த ஒரு சிறு காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளர் காவலர் சிலரோடு நின்றிருந்தார். தென்கோடி மாவட்டத்திலிருந்து அண்மையில் மாறுதலாகி வந்தவர், இளையவர், மேலுதட்டில் ஓர் அரசாட்சியே நடத்திய பெருமீசை உடையவர். அமைச்சர் வரும் வேளையில், பறையொலியோடு, கதர்ச் சட்டை அணிந்த ஓர் உருவத்தைக் கயிற்றில் கட்டிப் புழுதியில் இழுத்துக்கொண்டு, பெண்கள் ஏசிப் பாட, ஓர் ஊரே சாலையில் ஏறுவதை அவர் கண்டார்.

"நில்லுங்கலே!" என்று முழங்கினார்.

பறை நின்றது. பெண்கள் நின்றனர். கயிறு இழுத்தவர்கள் கயிற்றை நழுவவிட்டு நின்றனர். மாமா மட்டும் நடந்துகொண்டிருந்தார்.

"ஏலே, ஒன்னத்தாம்லே! செவுடா? நில்லு!"

மாமா நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. காலின் பின்புறத்தில் முதல் தடியடி விழுந்தது. அவர் முழந்தாள் மடிந்து சாலையில் அமர்ந்துவிட்டார். சட்டி தரையைத் தொடாதபடி மடியில் ஏந்திக்கொண்டார்.

அடி அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கச் சொன்னவர் நிறுத்திவிட்டார்; ஓடுவதற்கு எவரும் இல்லை; எதிர்ப்பதற்கு எவரும் இல்லை. ஆனால் "யார் உருவம்லே இது? யார் சொல்லிக் கெட்டினீய?" என்று ஆய்வாளர் கேட்டார். விடை வரவில்லை. விடை வராத ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி விழுந்தது. அடி வரும்போது கை தானே எழுந்து தடுப்பது உடலின் இயற்கை. மாமாவின் இரு கைகளும் சட்டியைப் பற்றியிருந்தன. தடிக்குத் தோள் மட்டுமே கிடைத்தது. இடத்தோளில் எலும்பு முறிந்த ஒலியை நான் கேட்டேன். முன்னே பாய்ந்த என் மார்பின் குறுக்கே ஒரு காவலர் தம் தடியை வைத்து அழுத்தி நிறுத்தியிருந்தார். மாமாவின் காதோரம் குருதி வழிந்தது. அவர் உதடுகள் இறுகியிருந்தன. அந்த மௌனத்தை ஆய்வாளர் திமிர் என்று எண்ணினார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

ஐயத்துக்கு இடமின்றிச் சொல்வேன்: அன்று அச்சாலையில் நான் கண்டது கொடுமை. மற்றவை அனைத்தையும் நாங்கள் பின்னாளில் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறோம். அந்தச் சில நொடிகளைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் சிரித்ததில்லை.

மாமாவைத் தூக்கி நிறுத்தி நடத்திச் சென்றனர். உருவத்தையும் சான்றாகக் கைப்பற்றினர். அதைத் தூக்கிச் செல்ல மனமில்லாத காவலர் இருவர், கட்டியிருந்த கயிற்றைப் பற்றி நிலையத்தை நோக்கி இழுத்துச் சென்றனர். முன்னே கொள்ளிச்சட்டியோடு மாமா. பின்னே கயிற்றில் கொடும்பாவி. சடங்கு ஒழுங்கு குலையாமல் நடந்துகொண்டிருந்தது. இழுப்பவர் மட்டுமே மாறியிருந்தனர். இதை முதலில் உணர்ந்தவர் என் அம்மா. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மாரில் அறைந்து பாடத் தொடங்கினார்.

"மேகத்தக் கட்டிவெச்ச மாபாவி, உன்ன
காக்கிபோட்ட மவராசங்க இழுக்கறாங்கடா!"

பெண்கள் அனைவரும் அதைப் பிடித்துக்கொண்டனர். பறையும் சேர்ந்தது. ஊர்வலம் காவல் நிலைய வாயில் வரை குறைவின்றிச் சென்று சேர்ந்தது.

நிலையம் என்பது ஓர் அறை, அதை ஒட்டிய சிறைக்கூண்டு, முன்னே ஓடு வேய்ந்து கம்பியிட்ட ஒரு தாழ்வாரம். மாமாவைக் கூண்டில் அடைக்க ஆய்வாளர் ஆணையிட்டார். கூண்டுக்குள் நெருப்பு போகலாகாது. "அந்தச் சட்டியப் புடுங்குலே" என்றார். காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். எல்லாரும் இவ்வட்டாரத்தார். எவர் கையும் நீளவில்லை. ஆய்வாளர் வெகுண்டு தாமே கை நீட்டினார்.

"வாங்கு சாமி, வாங்கு" என்றார் வாயிலில் நின்ற அம்மா. "ஆனா அத வாங்கறவங்கதான் கொள்ளி வெக்கணும். மீசய எடுக்கணும்."

நீண்ட கை பாதி வழியில் நின்றது. பின்பு தானாகவே மேலெழுந்து மேலுதட்டைத் தடவிப் பார்த்துத் திரும்பியது. மாமாவைத் தாழ்வாரத்திலேயே ஒரு தூணோரம் உட்கார வைத்தனர். உருவம் அவருக்கு எதிரே கால் நீட்டிக் கிடந்தது.

நான் விளக்க முன்வந்தேன். "ஐயா, இஃது அரசியல் கிளர்ச்சி அன்று, மழை வேண்டி ஊரார் இயற்றும் தொல்வழக்கு" என்றேன். ஆய்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீரு என்ன வேல பாக்கீரு?"

"தமிழாசிரியன்."

"அப்படிச் சொல்லும்! அதான பாத்தேன்" என்று ஏதோ பெரிய சூழ்ச்சியின் வேரைக் கண்டவர்போல் தலையசைத்தார். அக்காலத்தில் தூய தமிழ் பேசுவோரைக் கண்டால் காவல் துறைக்கு அப்படியோர் அச்சம். "கொடும்பாவி எங்க ஊர்லயும் உண்டும் ஓய். அது பொம்பளையில்லா! சேலையில்லா கெட்டியிருக்கும்! இது கதர்ச் சட்ட போட்டுக் கெடக்கு. என்னைய யாருன்னு நெனச்சீரு? இவன் வாயத் தொறந்து உள்ளதச் சொல்லணும். இல்லாட்டா பொழுது சாயுறதுக்குள்ள செயிலுக்கு அனுப்பிருவேன்."

சிக்கல் இதுதான். மாமா பேசினால் விடுதலை; பேசினால் சடங்கு முறியும். எரியூட்டிய பின்னரே அவர் பேசலாம். பேசிய பின்னரே ஆய்வாளர் விடுவார். பொழுது சாய்ந்தால் சிறை. சட்டியில் நெருப்பு அணைந்தால், வாங்கிய அடி அத்தனையும் வீண். அம்மா ஊருக்கு ஆள் அனுப்பி ஒரு கூடை வறட்டி கொணர்வித்தார். வறட்டியைச் சிறு சிறு வில்லைகளாக ஒடித்து, காவலர் பாராததுபோல் பார்த்திருக்க, தாழ்வாரக் கம்பிகளின் வழியே மாமாவின் மடியிலிருந்த சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார். தம்பியின் தோளைப் பார்ப்பார். ஒரு வில்லை போடுவார். ஆய்வாளரை ஒரு சொல் ஏசுவார். மீண்டும் ஒரு வில்லை போடுவார்.

நண்பகலில் தலைமைக் காவலர் வந்தார். சுங்குவார்சத்திரத்துப் பக்கத்தவர், காலையில் நீதிமன்றம் சென்றிருந்தார். தாழ்வாரத்தில் கிடந்ததைக் கண்டதும் வாயிற்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார்.

"ஐயா, பொணத்த வூட்டுக்குள்ள வெச்சிருக்கீங்களே."

"பொணமா? அது வைக்கோலுய்யா!"

"முறை பண்ணிட்டாங்க ஐயா. முறை பண்ணிட்டா பொணந்தான். எரிக்கிற வரைக்கும் இங்க யாரும் சோறு தின்னக் கூடாது. நம்ம குவாட்டர்ஸ்ல அடுப்ப அணைச்சிட்டாங்க."

"அணைச்சா அணைக்கட்டும். எதுத்த கடையில ஒரு டீ சொல்லும்."

"அவனும் அணைச்சிட்டான் ஐயா. தெருவுல பொணம் கீது, எப்படி அடுப்பு எரியும்?"

ஆய்வாளர் வாயில் வரை சென்று பார்த்தார். உண்மைதான். தேநீர்க் கடைக்காரர் பாய்லரைக் கவிழ்த்துவைத்துவிட்டு, முழந்தாளைக் கட்டிக்கொண்டு துக்க வீட்டார்போல் அமர்ந்திருந்தார். பேருந்துக்குக் காத்திருந்த பயணிகள் அவரிடம் கேட்டுவிட்டுக் காவல் நிலையத்தை முறைத்துக்கொண்டிருந்தனர். காலை முதல் ஒரு மிடறு தேநீரும் பருகாதிருந்த ஆய்வாளரின் முகத்தில் முதன்முதலாக ஓர் ஐயம் தோன்றியதை நான் கண்டேன். அமைச்சரோ தண்டலத்திலேயே வேறு சாலையில் திரும்பிச் சென்றுவிட்டதாகச் செய்தி வந்தது.

அந்நேரம் என் அப்பா வந்து சேர்ந்தார். வெளுத்த கதர்ச் சட்டை, மடித்த துண்டு, வியர்வையிலும் குலையாத நிமிர்வு. ஆய்வாளர் எழுந்து நாற்காலி கொடுத்தார். தம் பக்கம் பேச ஒரு கட்சிக்காரர் வந்துவிட்டார் என்னும் ஆறுதல் அவர் குரலில் இருந்தது.

"நீங்களே பாருங்க ஐயா. உங்க தலைவருக்கே உருவம் கெட்டியிருக்கானுவ."

அப்பா குனிந்து உருவத்தைப் பார்த்தார். சட்டைப் பையின் ஓரத்தில் நீல நூலால் போட்ட ஒரு தையல் இருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு நாளில் அம்மா போட்டது. அதற்காக அப்பா அன்று பூசலிட்டதும் உண்டு. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். துண்டின் முனையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"இது தலைவர் இல்ல. நான்."

"என்னது?"

"என் சொக்கா. என் துண்டு." அம்மாவின் பக்கம் திரும்பினார். "இந்தா, ஊர்ப் பாவத்துக்குப் போட்டுக் கொளுத்த என் சொக்காதான் கெடச்சுதா உனக்கு?"

"பொட்டியில பூச்சி அரிச்சிகினு கெடந்துது. ஊருக்காவது ஒதவட்டுமேன்னு குடுத்தேன்" என்றார் அம்மா. "நீங்கதான ஊருக்கு ஒழைக்கணும், ஊருக்கு ஒழைக்கணும்னு சொல்லிகினே இருப்பீங்க?"

தலைமைக் காவலர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. கம்பிக்கு வெளியே பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டனர். மாமாவின் நிலைதான் இரங்கத்தக்கது. அவருக்கும் சிரிப்பு வந்தது. வாய் திறக்க வழியில்லை. உதட்டைக் கடித்தார், கண்ணில் நீர் கோத்தது. சிரிப்பில் குலுங்கிய தோள் வலியில் துடிக்க, அந்த வலியிலும் சிரிப்பை அடக்கினார்.

ஆய்வாளருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயினும் அவர் விடுவிக்கவில்லை. அப்பாவைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் சொன்னார். அருகில் நின்ற எனக்கும் கேட்டது.

"அடிச்சாச்சு ஐயா. எலும்பும் ஒடஞ்சிருக்கு போல. அடிச்ச பொறவு வழக்கில்லாம விட்டா, நான் அடிச்சது தப்புன்னு ஆயிரும்லா?"

இத்தனை ஆண்டுகளில் அதிகாரத்தைப் பற்றி நான் கேட்ட சொற்களில் இதைப்போல் உண்மையானது பிறிதில்லை. அடித்த குற்றத்தை மறைக்க, அடிபட்டவன் மேல் ஒரு குற்றம் வேண்டியிருக்கிறது.

அப்பா, "தப்புன்னு ஆவட்டுமே தம்பி. தப்புதான?" என்றார்.

தலைமைக் காவலர் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, வழக்கோ விடுதலையோ, அவரு வாக்குமூலம் குடுக்கணும். பேசணும்னா எரிச்சாகணும். நாமளே காவலா கூட்டிகினு போயி எரிக்க விட்டு, அங்கியே வாக்குமூலத்த வாங்கிட்டா? வந்து டீயும் குடிக்கலாம்" என்றார். எந்தச் சொல் ஆய்வாளரை அசைத்தது என்று நான் அறியேன். தலையசைத்தார்.

வெயில் தாழத் தொடங்கிய வேளையில் ஊர்வலம் மறுபடி புறப்பட்டது. கொள்ளிச்சட்டியோடு மாமா, இடத்தோளை அசைக்கவொண்ணாமல் வலக்கையில் மட்டும் உறியைப் பிடித்திருந்தார். இருபுறமும் காவலர் சென்றனர். பின்னே கொடும்பாவி, பெண்கள், பறை. எல்லார்க்கும் பின்னே, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி ஆய்வாளர். அத்துணைச் சிறப்போடு எங்கள் ஊரில் எந்தப் பாவமும் அதற்குமுன் போனதில்லை. ஏரிமேட்டில் உருவத்தைக் கிடத்தினர். அப்பா முன்வந்து துண்டை மட்டும் உருவிக்கொள்ளப் பார்த்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். துண்டு அங்கேயே இருந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தார். சட்டியை உடைத்தார். வைக்கோல் குபீரென்று பற்றியது.

ஊர் முழுவதும் மாமாவின் வாயையே பார்த்து நின்றது. ஆய்வாளரும் எதிரே வந்து நின்றார். எப்படிப்பட்ட வசை வெள்ளம் பாயப் போகிறதோ என்று எல்லார்க்கும் கலக்கம். மாமா என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"...சுத்தியும் முள்ளு வேலி போடணும் மாப்ளே. இல்லன்னா பன்னி ஒரு செடிய வுடாது."

மேடு அதிர்ந்தது. பறை அடித்தவர் பறையோடு மண்ணில் சாய்ந்து சிரித்தார். காவலர்கள் தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தனர். சிரிப்பு அடங்கியபின் மாமா ஆய்வாளர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"சார், வாக்குமூலந்தான? எழுதிக்குங்க. நிக்கச் சொன்னீங்க, நான் நிக்கல. மொத அடி அடிச்சீங்க. அதுக்கு உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல, உங்க வேல. ஆனா மொத அடியிலயே நான் குந்திட்டேன். அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம் யாருக்கு சார்? குந்தினவன எங்க போவாம இருக்கறதுக்கு அடிச்சீங்க?"

"மொத அடி மட்டும் இன்னா, பூவச் சுத்தியா அடிச்சாரு?" என்றார் அம்மா. "அத எதுக்குடா நீ தானம் பண்ற?"

"இரு அக்கா, சார் சொல்லட்டும்."

எரியும் வைக்கோலின் வெளிச்சம் ஆய்வாளர் முகத்தில் ஆடியது. அவர் தம் காவலர்களையும் ஊரையும் பார்த்தார். பிறகு தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "பேசாம இருந்தீருல்லா... அது என்னைய மதிக்காத மாதிரி இருந்துச்சு. பொறவு அடிச்சது எங் கோவத்துக்கு. சட்டத்துக்கு இல்ல. தப்புதான்."

ஓர் அதிகாரி ஊர் கேட்க அச்சொல்லைச் சொன்னதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வழக்கு அங்கேயே எரிந்துபோனது. ஆனால் அம்மா விடவில்லை.

"தப்புன்னுட்டா எலும்பு கூடிடுமா? ஒடச்சவரு கூட்டிகினு போயி கட்டுக் கட்டிகினு வரட்டும்."

அமைச்சர் வரவுக்காக நிலையத்துக்கு வந்திருந்த வண்டி, மாமாவைச் சிறைக்கு ஏற்றிச் செல்லவிருந்த அதே வண்டி, அவரைக் காஞ்சிபுரத்து மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது. முன்னிருக்கையில் ஆய்வாளர்; பின்னே மாமாவும் நானும். சாலையின் பள்ளங்களில் வண்டி குதிக்கும்போதெல்லாம் மாமா வலியால் முனகுவார். முனகலுக்கும் முனகலுக்கும் இடையில் பேசுவார். ஒரு பகல் முழுதும் அடைபட்டிருந்த சொற்கள் மடை திறந்தன. வேர்க்கடலையில் தொடங்கி, காட்டுப்பன்றியின் குணம், அப்பாவின் மரப்பெட்டி, எங்கள் ஊர்ச் சம்பந்திச் சண்டைகள், ஆய்வாளரின் ஊர், அவர் சாதத்தில் நெய் ஊற்றிக்கொள்வாரா, ஏன் இன்னும் மணம் செய்துகொள்ளவில்லை என்று அனைத்தையும் தொட்டார். வாலாஜாபாத்தில் ஆய்வாளர் தளர்ந்த குரலில் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஆசிரியரே, இவரு எப்பவும் இப்படித்தானா?"

"ஆம் ஐயா. இன்று பகலில் மட்டும் விதிவிலக்கு."

அவர் நெடுமூச்செறிந்தார். அதுதான் அவருக்குக் கிடைத்த தண்டனை என்று அம்மா பின்னர்த் தீர்ப்புரைத்தார். போதுமான தண்டனை என்றும் ஒப்புக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து, வானம் துடைத்துவைத்த வெண்கலப் பாத்திரம்போல் இருந்த ஒரு பிற்பகலில், தோளில் கட்டோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமா குரல் கொடுத்தார்.

"அக்கா, இன்ஸ்பெக்டரு உள்ள வந்துட்டாரு. குத்து குத்துன்னு குத்துறாரு. வெளிய காயற வறட்டிய எடுத்துடு."

முறிந்த இடம் வலிப்பதைத்தான் அப்படிச் சொன்னார். அம்மா வானத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழாமலிருந்தார். மாலை சாய்வதற்குள் பெய்த மழையில் வறட்டி கரைந்து வாசலில் ஓடியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடியே நின்று கைகொட்டிச் சிரித்தார். அப்பா ஏரிக்கரை வரை ஓடிப் போய், குடையை மறந்து, தெப்பலாக நனைந்து வந்தார். அவ்வாண்டு ஏரி நிரம்பி, மிகைநீர் போகும் கலங்கல் வழிந்தது. மேட்டு நிலத்தில் வேர்க்கடலை விளைந்தது. முள்வேலியை மீறிப் பன்றியும் வந்தது. மழை கொடும்பாவியால் வந்ததா, வர வேண்டிய காலத்தில் வந்ததா என்று ஆராய நான் புகவில்லை. என் கல்வி அதற்குப் போதாது. மாமாவுக்கோ ஐயமே இல்லை: "நான் வாய மூடிகினு இருந்ததுக்குத்தான் வந்துச்சு. அடியப் பாத்து வர்ல."

அன்று முதல் ஊருக்கு ஒரு வானிலை அறிக்கை கிடைத்தது. களத்தில் நெல் காயப்போடுவோர் முதலில் மாமா வீட்டுக்கு வந்து, "இன்ஸ்பெக்டரு எப்படிக் கீறாரு?" என்று கேட்டுச் செல்வர். "ஊர்ல இல்ல, லீவுல போயிருக்காரு" என்றால் துணிந்து நெல்லைப் பரப்பலாம்.

பல்லாண்டுகள் கழிந்தன. தொண்ணூறுகளின் நடுவில், வெயில் தெறித்த ஒரு நாளில், எங்கள் வாசலில் ஒரு முதியவர் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது, மீசையும் நரைத்திருந்தது, ஆனால் அதன் அரசாட்சி குன்றவில்லை. ஓய்வு பெற்றுவிட்டதாகவும், இவ்வழியே செல்கையில் இறங்கிப் பார்க்கத் தோன்றியதாகவும் சொன்னார். மாமா ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! காலையிலேர்ந்து உங்க நெனப்புதான்" என்று சொல்லி இடத்தோளைத் தடவிக்கொண்டார். ஊர்ப் பேச்செல்லாம் கேட்டறிந்திருந்தாரோ என்னவோ, முதியவருக்கு அது உடனே விளங்கிவிட்டது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒரு முகிற்கீற்றும் இல்லை. வாசல் நிறைய அம்மாவின் மிளகாய் செக்கச்செவேலென்று காய்ந்துகொண்டிருந்தது.

அவர் பையைச் சுவரோரம் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து, இரு கைகளாலும் மிளகாயை அள்ளி முறத்தில் போடத் தொடங்கினார். மாமா அவர் அருகில் அமர்ந்து தாமும் அள்ளிக்கொண்டே, அன்று வண்டியில் மருத்துவமனை வாசலோடு நின்றுபோன கதையை, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்.